கரண்ட் ரீடிங் தள்ளிப்போய் 500 யூனிட் தாண்டிவிட்டது, என்ன செய்யலாம்?

சென்னையில் வாடகை வீடு, தனி மீட்டர். எப்போதும் இரண்டு மாதத்துக்கு 450 யூனிட்டுக்குள் நிற்கும். இந்த முறை ரீடிங் எடுக்க ஆள் வந்ததே பத்து நாள் தாமதமாகத்தான், அட்டையில் 528 என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த 28 யூனிட்டுக்கான காசு கூடப் பரவாயில்லை, 500ஐத் தாண்டினாலே 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் போய்விடுகிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். சிலிண்டரை மிச்சம் பிடிக்கலாம் என்று சோறும் பருப்பும் இண்டக்‌ஷனில் வைக்கிறோம் (குழம்பு மட்டும் கேஸில்தான், அம்மா விடமாட்டார்), அதுவும் இதில்தான் ஏறுகிறது.

தாமதமான நாட்களைக் கழித்து 60 நாளுக்குக் கணக்குப் போட்டுத் தரச்சொல்லிக் கேட்க முடியுமா? யாராவது அப்படி பில்லைத் திருத்தி வாங்கியிருக்கிறீர்களா? மனுவில் வீட்டு ஓனர்தான் கையெழுத்துப் போட வேண்டுமா? முந்தைய ரீடிங் தேதிகள் எல்லாம் அட்டையில் இருக்கின்றன. முதலில் பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் கேட்டாலும் செல்லுமா என்றும் சொல்லுங்கள்.