கட்டங்களாகத் தெரிந்த தமிழ்க் குறுஞ்செய்திகள்: பழைய பட்டன் போனும் லினக்ஸும்

பழைய கைப்பேசியை லினக்ஸ் இயங்குதளம் கொண்ட கணினியுடன் இணைத்த அனுபவத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளையும், எம்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறை வழியாக அவற்றிலிருந்து படங்களை எடுப்பதையும் பற்றியே எழுதியிருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது அதற்கும் முந்தைய பட்டன் போன்களைப் பற்றி. அவற்றில் படங்கள் குறைவு, குறுஞ்செய்திகளே சொத்து. அவற்றை, குறிப்பாகத் தமிழில் வந்தவற்றை, ஓர் எழுத்தும் சிதையாமல் வெளியே எடுக்க லினக்ஸைப் போல் உதவும் கருவியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

திருவாரூர் மாவட்டத்தில் நெல் சாகுபடி செய்யும் என் பெரியப்பா நெடுங்காலம் ஒரே பட்டன் போனை வைத்திருந்தார். அதில் தமிழ் எழுத்துரு கிடையாது. ஆகவே வேளாண் துறையிலிருந்து வந்த அறிவுரைகளும், சென்னையில் படித்துக்கொண்டிருந்த மகள் தமிழிலேயே எழுதி அனுப்பிய செய்திகளும் அவருக்கு வெறும் கட்டங்களாகவே தெரிந்தன. என்றைக்காவது யாராவது படித்துச் சொல்வார்கள் என்று அவர் அவற்றில் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. புதிய கைப்பேசிக்கு மாறியபோது பழையதை என்னிடம் கொடுத்து, உள்ளே இருப்பதை எடுக்க முடியுமா என்று கேட்டார்.

கட்டங்களாகத் தெரிவதால் செய்தி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஏழு பிட் குறியீட்டில் 160 எழுத்துகள் வரை கொள்ளும். தமிழ்ச் செய்தியோ யூசிஎஸ்2 என்னும் 16 பிட் குறியீட்டில் 70 குறிகளுடன் நின்றுவிடும். அந்த 70-இல் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கே ஐந்து குறிகள் செலவாகின்றன. ஆனால் திரையில் காட்ட எழுத்துரு இல்லாவிட்டாலும், வந்த குறிகளைக் கைப்பேசி அப்படியே நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அவற்றை அதே வடிவில் கணினிக்குக் கொண்டுவந்துவிட்டால், மற்றதைக் கணினியில் உள்ள எழுத்துரு பார்த்துக்கொள்ளும்.

கொண்டுவரும் வழிதான் இதில் மிக அழகான பகுதி. அக்காலக் கைப்பேசிகளில் பெரும்பாலானவை கணினியின் கண்ணுக்கு ஒரு மோடம்தான், அதாவது தொலைபேசி வழியே தரவை அனுப்பிப் பெறும் கருவி. 1981-இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் மோடத்துடன் வந்த ‘ஏடி’ கட்டளைகளை ஜிஎஸ்எம் என்ற கைப்பேசித் தரநிலை விரிவாக்கிக்கொண்டதால், குறுஞ்செய்திகளைப் பட்டியலிடவும், சிம் நினைவகத்திலிருந்து கைப்பேசி நினைவகத்துக்கு மாறவும் இன்றும் அதே மொழியில் பேசலாம். யூஎஸ்பி கம்பியைச் செருகி, கைப்பேசி கேட்கும்போது சேமிப்பகமாக அன்றி மோடமாக இணைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால், டெபியன் என்ற லினக்ஸ் வகையில் அது ஒரு தொடர்முனையாக (சீரியல் போர்ட்) உடனே தோன்றுகிறது. அதற்கான இயக்கி மென்பொருள் லினக்ஸின் கருவான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, எந்தக் குறுந்தகட்டையும் தேட வேண்டியதில்லை. தொடர்முனையைப் பயன்படுத்த அனுமதி தரும் ‘டயல்அவுட்’ குழுவில் பயனரைச் சேர்த்து ஒருமுறை வெளியேறி உள்நுழைந்த பின், தொடர்முனையுடன் பேச உதவும் மினிகாம் என்ற நிரலில் ‘ஏடி’ என்று தட்டினால் ‘ஓகே’ என்று பதில் வரும். அந்த ஒற்றைப் பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நம்பலாம்.

இரண்டு தடைகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். பின்னணியில் இயங்கும் மோடம் மேனேஜர் என்ற சேவை, புதிய மோடம் ஒன்று வந்திருப்பதாக எண்ணி அந்தத் தொடர்முனையைத் தானே பிடித்துக்கொள்ளும். வேலை முடியும்வரை அதை நிறுத்தி வைக்க வேண்டும். மற்றொன்று சிம் அட்டை. அது இல்லாமல் கேட்டபோது இந்தக் கைப்பேசி 310 என்ற பிழை எண்ணையே திருப்பியது. சிம் செருகப்படவில்லை என்பது அதன் பொருள். சேவை முடிந்துபோன பழைய சிம் ஒன்றைப் போட்டதும் வழி திறந்தது, ஏனெனில் படிப்பதற்கு அலைவரிசை தேவையில்லை.

அதன் பிறகு கம்மு என்ற கட்டற்ற மென்பொருளிடம் வேலையை ஒப்படைத்தேன். இதில் எல்லாச் செய்திகளையும் எடுக்க இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. ‘கெட்ஆல்எஸ்எம்எஸ்’ ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே காட்டும். ‘கெட்ஈச்எஸ்எம்எஸ்’ துண்டுகளை இணைத்து முழுச் செய்தியாகத் தரும். தமிழுக்கு இரண்டாவதே வேண்டும். நீண்ட தமிழ்ச் செய்தி 67 குறிகள் கொண்ட துண்டுகளாகவே பயணப்படுகிறது. மீதி இடத்தை, துண்டுகளை வரிசையாகச் சேர்க்க உதவும் இணைப்புத் தலைப்பு எடுத்துக்கொள்கிறது. வேளாண் அறிவுரை ஒவ்வொன்றும் இரண்டு மூன்று துண்டுகளாக இருந்ததால், முதல் கட்டளையில் அரைச் சொற்களாகத் தெரிந்தவை இரண்டாவதில் ஒழுங்கான வாக்கியங்களாயின. முனையத்தில் தமிழ் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியதைப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போதும் மறக்க முடியவில்லை.

தேதிகளைப் பற்றி ஒரு குறிப்பு. மின்கலம் பலமுறை கழற்றப்பட்டதால் கைப்பேசியின் கடிகாரம் பொய் சொன்னது. ஆனால் வந்த செய்திகளின் நேரத்தைப் பதிப்பது கைப்பேசியன்று, சேவை நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையம். எனவே அவை அனைத்தும் சரியாகவே இருந்தன. மூல வடிவில் நேரத்தின் இறுதியில் ‘+22’ என்று வருவதைக் கண்டு குழம்ப வேண்டாம்: 22 கால்மணிகள், அதாவது ஐந்தரை மணி நேரம், நம் இந்திய நேரம். அனுப்பிய செய்திகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

தொடர்பு எண்களும் விகார்டு என்ற முகவரி அட்டைக் கோப்பாக எளிதில் வந்துவிட்டன. அதில் விரித்துச் சொல்ல ஏதுமில்லை. மகளின் செய்திகளைத் தனியே பிரித்துப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தேன். பெரியப்பா அவற்றைப் படித்து முடித்த கையோடு வேளாண் செய்திகளையும் அதேபோல் கேட்டார். குருத்துப்பூச்சி எச்சரிக்கை வந்த நாள்களைத் தம் சாகுபடிக் கணக்கு நோட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். கம்மு எடுத்த மூல நகலையும், யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியீட்டில் அமைந்த உரைக் கோப்பையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். உரைக் கோப்பு படிப்பதற்கு. மூல நகலில்தான் எந்த நினைவகத்தில் இருந்தது, எந்த எண்ணிலிருந்து எப்போது வந்தது என்ற விவரங்கள் எல்லாம் இருக்கின்றன.

பொருத்தமான கம்பி கிடைக்காதவர்கள் கைப்பேசியில் புளூடூத் இருந்தால் அதன் முகவரியைக் கம்முவின் அமைப்புக் கோப்பில் தொடர்முனைக்குப் பதிலாக எழுதி முயன்று பார்க்கலாம். இணைக்கும்போது கடவு எண் கேட்டால் இரு பக்கமும் 0000 போன்ற ஒரே எண்ணைக் கொடுத்தால் போதும்.