விபத்துக் காயம், நான்கு மாதம் கழித்து மரணம்: தொடர்பை நிரூபிக்க வழி?

அப்பா டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போகும்போது பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. 2024 நவம்பர், விழுப்புரம் பக்கம். வலது தொடை எலும்பு முறிவு, பிளேட் வைத்தார்கள். அதன்பிறகு அவர் எழுந்து நடக்கவே இல்லை. முதுகுக்குக் கீழே படுக்கைப் புண் வந்து, உள்ளங்கை அளவுக்குக் குழியாகி, சீழ் பிடித்தது. கிருமி ரத்தத்தில் கலந்து 2025 மார்ச்சில் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார். போஸ்ட்மார்ட்டம் செய்யவில்லை.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 166-இன் கீழ் இழப்பீடு கேட்டு வழக்கு நடக்கிறது. இன்சூரன்ஸ் தரப்பு, "சர்க்கரை நோயால் இறந்தார், விபத்துக்குச் சம்பந்தமில்லை" என்கிறது. சர்க்கரை பல வருடமாக இருந்தது உண்மைதான். ஆனால் விபத்துக்கு முதல் நாள்கூட வயலில் வேலை பார்த்த மனிதர் அவர்!

கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ் சம்மரி, சீழ் கல்ச்சர் ரிப்போர்ட் எல்லாம் வாங்கிவிட்டோம். இறப்புச் சான்றில் 'செப்சிஸ்' (கிருமித் தொற்று உடல் முழுக்கப் பாதித்தது) என்று மட்டும் இருக்கிறது, விபத்து பற்றி ஒரு வரி இல்லை. டாக்டர் வாயால் ஒத்துக்கொள்கிறார், எழுதித் தர மறுக்கிறார். எஃப்ஐஆரை மரணப் பிரிவுக்கு மாற்றச் சொல்லி மனு கொடுத்தும் பதில் இல்லை.

166(5)-இன்படி, மரணத்துக்குத் தொடர்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் காயத்துக்கான இழப்பீடு வாரிசுகளுக்கு வரும், அதோடு விடுங்கள் என்கிறார் வக்கீல். மரணத்துக்கான இழப்பீட்டை விட எனக்கு மனமில்லை. இங்கே குற்ற வழக்கு அளவுக்குச் சந்தேகமற நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும் என்பதும் தெரியும்.

போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் இப்படி வழக்கு நடத்தியவர்கள் சொல்லுங்கள்: சிகிச்சை தந்த டாக்டருக்கே சம்மன் அனுப்பி விசாரிப்பதா, ஆவணங்களை வேறொரு மருத்துவ நிபுணரிடம் காட்டி அவரைச் சாட்சியாக்குவதா, எது தீர்ப்பாயத்தில் நிற்கும்?