தலையணை எத்தனை?

நான்: சனி, ஞாயிறு வீட்டில் யார் யார் இருப்பீர்கள்? இன்னும் 12 நாளில் மெடிசின் பிராக்டிகல். தொட்டுப் பார்த்துப் பழக ஆள் வேண்டும்.

அண்ணன்: ஞாயிறு மதியம் வரை நான் இருப்பேன், வா. மாடல் பரீட்சையில் எதில் மார்க் போனது?

நான்: பிபி பார்த்துக் காட்டும் ஸ்டேஷனில் அண்ணா. முதலில் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு, கையில் சுற்றிய பட்டையில் காற்று ஏற்றி, நாடி எந்த அளவில் மறைகிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் அதற்கு மேல் 30 ஏற்றி, ஸ்டெத்தில் கேட்டபடி நொடிக்கு 2, 3 என்று மெதுவாக இறக்க வேண்டும். சிலருக்கு நடுவில் சத்தம் நின்று திரும்ப வரும், நாடியை விட்டுவிட்டால் மேல் அளவையே குறைத்துச் சொல்லிவிடுவோம். எல்லாம் தெரியும், மணி அடித்ததும் கை நேராக ஸ்டெத்துக்குப் போய்விட்டது.

பெரியப்பா: நெஞ்சைத் தட்டிப் பார்ப்பது வந்துவிட்டதா?

நான்: ஈரல் தொடங்கும் இடம் இன்னும் பிடிபடவில்லை பெரியப்பா.

பெரியப்பா: நம் வீட்டு நெல் குதிர் இருந்ததே, தாத்தா அதை விரலால் தட்டியே நெல் எதுவரை இருக்கிறது என்று சொல்லிவிடுவார். காலி இடம் கணீரென்று கேட்கும், நெல் இருக்கும் இடம் மந்தமாக. கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார்.

நான்: 1761-ல் இந்த முறையை எழுதி வைத்த ஆஸ்திரிய டாக்டர் அவுன்புருக்கரும் சத்திரக்காரர் மகன்தான், மது பீப்பாயைத் தட்டிப் பார்ப்பதிலிருந்து வந்த யோசனை என்பார்கள். நெஞ்சில் நீர் கோத்தாலும் அதே மந்தச் சத்தம்தான்.

கும்பகோணம் அத்தை: கண்ணு, தட்டுவது பழகப் பழக வந்துவிடும். கேட்பதைப் பழகு. 30 வருஷம் வார்டில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், இதயம் பலவீனமானவரிடம் உங்கள் காலேஜ் பிள்ளைகள் "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்" என்று புத்தகத்தில் உள்ளபடியே கேட்பார்கள். நடவுக்குப் போகும் அம்மாவுக்கு ஏது தலையணை, பாயில் கையை மடக்கி வைத்துத்தான் படுப்பார், அதனால் "இல்லை" என்பார், நீங்களும் இல்லை என்று எழுதிவிடுவீர்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறீர்களா, சுவரில் சாய்ந்து தூங்குகிறீர்களா என்று கேள். சாயந்திரம் கால் வீங்கிச் செருப்பு இறுக்குகிறதா என்றும் கேள்.

நான்: அத்தை, இதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

அம்மா: அண்ணி, மாமி ஒரு வாரமாகத் தூணில் சாய்ந்துதான் தூங்குகிறார்கள். புழுக்கம் என்றார்கள், நானும் விட்டுவிட்டேன்.

கும்பகோணம் அத்தை: கால்?

அம்மா: இரண்டு காலிலும் கொலுசுத் தடம் பதிந்திருக்கிறது.

நான்: அம்மா, கணுக்காலுக்கு மேல் எலும்பின் மீது கட்டைவிரலால் அரை நிமிஷம் அழுத்திப் பாருங்கள். குழி விழுகிறதா?

அம்மா: விழுகிறது. அப்படியே இருக்கிறது.

கும்பகோணம் அத்தை: சனிக்கிழமை வரை வேண்டாம். இப்போதே கூட்டிப் போக வேண்டும். உட்கார்ந்தபடியே வரட்டும், படுக்க வைக்காதே.

பெரியப்பா: காரை எடுத்துவிட்டேன். திருவையாற்றிலிருந்து முக்கால் மணியில் அங்கே இருப்பேன்.

நான்: தஞ்சாவூருக்கே வந்துவிடுங்கள், கேஷுவாலிட்டி வாசலில் நிற்கிறேன். பாட்டி சாப்பிடும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா.