தலைதெறிக்க ஓடுவதும் பாய்வதும் ஒன்றா?

கேள்வி: திருநகர்க்காரி

மாட்டுப்பொங்கலன்று பாலமேடு ஜல்லிக்கட்டு பார்த்துவிட்டு வந்த என் மகள், பள்ளிக் கட்டுரையில் "வாடிவாசலிலிருந்து காளை தலைதெறிக்கப் பாய்ந்தது" என்று எழுதினாள். டீச்சர் "பாய்ந்தது" என்பதை அடித்து "ஓடியது" என்று திருத்திவிட்டார். பாய்வதும் வேகமாக ஓடுவதுதானே? மாடு வளர்க்கிறவர்கள் சொல்லுங்களேன்.

அலங்காநல்லூர் மாட்டுக்காரன்

தலைதெறிக்க, பாய்ந்தது, இந்த இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம், தங்கச்சி.

வாடிக்குள் மூக்கணாங்கயிற்றை அறுத்து விட்டதும் சில மாடு வாலைத் தூக்கிக்கொண்டு, யாரையும் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் நேரே ஓடிவிடும். உரிமையாளர் அந்தக் கோடியில் கயிறோடு நிற்க வேண்டியதுதான். அது தலைதெறிக்க ஓடுவது. இன்னொரு ரகம் உண்டு, நின்னு விளையாடுற மாடு. வெளியே வந்ததும் ஒரு சுற்றுச் சுற்றும், முன்னங்காலால் மண்ணைக் கிளறும், தலையைத் தாழ்த்தி ஓர் ஆளைக் குறிவைக்கும். அப்புறம் வருகிறதே, அதுதான் பாய்ச்சல். பாய்வதற்கு எதிரே ஆள் வேண்டும். கடன்காரனைக் கண்டவன் தலைதெறிக்க ஓடுவான், பாய மாட்டான்.

சோழவந்தான் குசும்பன்

அப்படியென்றால் குதிரை நாலு கால் பாய்ச்சலில் போகிறதே, அதற்கு எதிரே யார் நிற்கிறார்கள் அண்ணே?

மேலூர் தமிழாசிரியர் (ஓய்வு)

நல்ல கேள்வி. குதிரை முழு வேகத்தில் போகும்போது ஒவ்வோர் எட்டிலும் நாலு காலும் ஒரு கணம் தரையை விட்டு எழும்பும். தொடர்ந்து தாவிக்கொண்டே போவதால் அது பாய்ச்சல். தாவல்தான் அந்தச் சொல்லுக்கு அடிப்படை, வேகம் கூட வருவது. எங்கள் ஊர் பெரியாறு பாசனத்தின் கடைமடை. தண்ணீர் ஊர்ந்து ஊர்ந்துதான் வந்து சேரும். அதையும் வயலுக்குப் பாய்ச்சுகிறோம் என்றுதான் சொல்கிறோம்! வெறும் வேகத்தைச் சொல்ல "விரைந்தது" இருக்கிறது. அதைப் பத்திரிகைகள் போலீசாருக்கே எழுதிக் கொடுத்துவிட்டன.

திருநகர்க்காரி

எந்த மாட்டைப் பற்றி எழுதினாய் என்று மகளிடம் கேட்டேன். வந்த வேகத்தில் ஓர் ஆளைக் கொம்பால் தூக்கிப் போட்ட மாடாம். அப்படியென்றால் டீச்சர் அடித்திருக்க வேண்டியது "தலைதெறிக்க" என்பதைத்தான், இல்லையா அண்ணே?

அலங்காநல்லூர் மாட்டுக்காரன்

அதேதான். அது யார் வீட்டு மாடு என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.