பாய்சான் பரவல் பொருந்தவே இல்லை, அவசர உதவி

வெண்ணாறு: வணக்கம். திங்கட்கிழமை புராஜெக்ட் வைவா. 100 எண்ணிக்கை எடுத்துப் பாய்சான் (தற்செயலாகச் சிதறியவற்றின் எண்ணிக்கைக்கான பரவல்) பொருத்திப் பார்த்தேன். பொருத்தம் சோதிக்கும் கை-ஸ்கொயர் எக்கச்சக்கமாக வருகிறது. மூன்று முறை சரிபார்த்தாயிற்று. எங்கே தப்பு?

களத்துமேடு: எதை எண்ணினீர்கள் தம்பி? அதைச் சொல்லவே இல்லையே.

குடமுருட்டி: சராசரி எவ்வளவு, வேரியன்ஸ் (சிதறலின் அளவு) எவ்வளவு, பூஜ்யம் எத்தனை? எதிர்பார்ப்பு எண் 5-க்குக் கீழே உள்ள வகுப்புகளைச் சேர்த்தீர்களா? பெரும்பாலும் அங்கேதான் சறுக்கும்.

வெண்ணாறு: மன்னிக்கவும். (தங்கச்சி அண்ணே, தம்பி இல்லை.) நீடாமங்கலம் பக்கம் மாமா வயல், குறுவை, நட்டு 50 நாள். குத்துக்கு (ஓரிடத்தில் நட்ட நெற்கொத்து) எத்தனை புகையான் (நெல்லில் சாறு உறிஞ்சும் பூச்சி) என்று எண்ணினேன். சராசரி 4, வேரியன்ஸ் 36. 35 குத்தில் ஒன்றுமே இல்லை. வகுப்புகளைச் சேர்த்துவிட்டேன்.

சூத்திரம்: பாய்சானில் சராசரியும் வேரியன்ஸும் சமம். உங்களுக்கு ஒன்பது மடங்கு. சோதனை போடும் முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். அடிப்படையைப் படிக்காமல் மென்பொருளைத் திறந்தால் இப்படித்தான்.

களத்துமேடு: புகையான் சீராகப் பரவாதும்மா. குட்டை இறக்கைப் பெட்டை பறக்காது, இருந்த இடத்திலேயே முட்டை வைக்கும். குஞ்சும் அதே அடித்தூரில் சாறு உறிஞ்சும். வயல் வட்ட வட்டமாகக் கருகுவது அதனால்தான்.

குடமுருட்டி: அண்ணன் சொன்னதுதான் காரணம். நெகட்டிவ் பைனாமியல் (திட்டுத் திட்டாகக் குவியும் எண்ணிக்கைக்கான பரவல்) பொருத்துங்கள். பூச்சி எண்ணிக்கைக்கு இதைப் பொருத்தும் முறையை புள்ளியியலாளர்கள் பிளிஸும் ஃபிஷரும் 1953-லேயே எழுதிவிட்டார்கள். அதில் கே (எவ்வளவு திட்டாகக் குவிகிறது என்று காட்டும் எண்) என்பது சராசரியின் வர்க்கத்தை, வேரியன்ஸில் சராசரி போக மீதியால் வகுத்தது: 16 ÷ 32 = 0.5. அதன்படி 100 குத்தில் 33 காலியாக இருக்க வேண்டும். உங்களிடம் 35! பாய்சான்படி பார்த்தால் 2 தான் வரும்.

மாப்படி: சராசரி 4 என்கிறீர்களே, மாமாவை மருந்து அடிக்கச் சொல்லுங்கள்.

களத்துமேடு: எதற்கு? புகையானைத் தின்னும் சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு (கிளைத்தண்டுக்கு) 1 புகையான், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 என்பதுதான் மருந்து அடிக்கும் கணக்கு. 15 தூர் உள்ள குத்தில் 4 எம்மாத்திரம்? செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்து அடித்தால் சிலந்தி செத்து, புகையான் இன்னும் பெருகும்.

மாப்படி: சராசரியை நம்பிச் சும்மா இருந்து போன வருடம் நடுவயலில் அரை மா நிலம் போயிற்று எனக்கு. வேரியன்ஸ் 36 என்றால் சில குத்தில் முப்பதாவது இருக்கும்.

களத்துமேடு: அந்தத் திட்டை மட்டும் பாருங்கள். வயல் முழுக்க எதற்கு?

சூத்திரம்: மருந்துக்குத் தனி இழை போடுங்கள். மாணவிக்கு ஒரு கேள்வி: 100 குத்தும் எங்கே எடுத்தது? வரப்போரமாக அடுத்தடுத்து எடுத்திருந்தால் அவை ஒன்றையொன்று சாராத 100 சான்று ஆகாது.

வெண்ணாறு: பொருந்திவிட்டது! எல்லோருக்கும் நன்றி. சூத்திரம் சார், பாதி வரப்போரம்தான். ஞாயிறு காலை உள்ளே இறங்கி மறுபடி எண்ணுகிறேன்.

களத்துமேடு: மூலைக்கு மூலை நடந்து எண்ணும்மா. அடித்தூரைத் தட்டு, தண்ணீரில் விழுவதையும் சேர்த்துக்கொள்.