ரூஜ் காட்டில் முதல் இலை நிறம்: கறுப்பு நாயோடு படம் எடுப்பது எப்படி?

லாப்_நடை கேட்டது:
செப்ரெம்பர் கடைசி வாரம் ரொறன்ரோவில் உள்ள ரூஜ் தேசிய நகரப் பூங்காவின் விஸ்ரா பாதையில் கறுப்பு லாப்ரடோரோடு நடக்கப் போகிறேன். ஃபுல் ஃபிரேம் கமரா, 24–70 மிமீ எஃப் 2.8 லென்ஸ், போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்), 2 மீற்றர் லீஷ் இருக்கின்றன. காடு அப்போது பெரும்பாலும் பச்சையாகத்தான் இருக்கும். இருக்கிற கொஞ்ச நிறத்தை எப்படிப் பிடிப்பது? சிவப்பு இலைகள் நரம்பே தெரியாமல் அப்பிய மாதிரி வருகின்றன, நாயின் முகம் வெறும் கறுப்பாகிவிடுகிறது. ஏன்?

கொப்பும்_இலையும்:
அகலமாக எடுக்கவே வேண்டாம். ரொறன்ரோப் பக்கம் சுகர் மேப்பிள் உச்சத்துக்கு வர ஒக்ரோபர் நடுப்பகுதி ஆகிவிடும். முந்திச் சிவப்பது சூமாக் புதர், மரத்தில் ஏறிய வெர்ஜீனியா கொடி, ஈரநிலத்து ரெட் மேப்பிள். அவற்றை வெயில் விழும் ஓரங்களில் தேடுங்கள். நல்ல பகல் வெயிலும் குளிர்ந்த இரவும் சேரும்போதுதான் சிவப்பு நிறமி நன்றாக உருவாகும். மஞ்சள் நிறமி இலைக்குள் ஏற்கெனவே இருப்பது, பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரியும். ஆகவே அதை நிழலிலும் காணலாம். ஒரே ஒரு கொப்பை 70 மிமீயில் எடுங்கள், பச்சை பின்னால் கலங்கி நிற்கட்டும்.

அப்பிய சிவப்புக்குக் காரணம் சிவப்பு சானல், அதாவது கமரா பதியும் மூன்று நிறங்களில் சிவப்பு, நிரம்பி வழிவது. சாதாரண ஹிஸ்டோகிராம் (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) மூன்று நிறத்தையும் சேர்த்துக் காட்டுவதால் அது கண்ணில் படாது. நிறங்களைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு வலது ஓரத்தைத் தொடாத அளவுக்கு ஒளியைக் குறையுங்கள். பொதுவாக மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு ஸ்ரொப் போதும் (ஒரு ஸ்ரொப் குறைத்தால் ஒளி பாதியாகும்). நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பலன்ஸை ஓட்டோவில் விட்டால் இலையின் சூடான நிறத்தைக் கமராவே கழித்துவிடும். 5500 கெல்வினில் நிறுத்துங்கள்.

நாய்ப்படம்:
இலையும் நாயும் ஒரே ஃபிரேமில் என்றால் ஒளியை நாமே அமைக்கும் மனுவல்தான். கறுப்பு ரோமம் ஃபிரேமை நிறைத்தால் கமராவின் ஒளிமானி இருட்டு என்று நினைத்து ஒளியைக் கூட்டும், பின்னால் இருக்கும் சிவப்பு வெடித்துவிடும். ஒளியை இலைக்கு அளந்து பூட்டிவிட்டு, நாயை மரநிழல் முடியும் இடத்தில், முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி இருத்துங்கள். வானவெளிச்சம் ரோமத்தில் மினுங்கும், கண்ணிலும் ஒளிப்புள்ளி விழும். அந்தப் புள்ளி இல்லாவிட்டால் கண் ஃபோகஸும் தடுமாறும். ரோ (RAW) கோப்பாக எடுத்தால் நிழல் பகுதியை ஒரு ஸ்ரொப் வரை பிறகு தூக்கலாம்.

2 மீற்றரில் 70 மிமீ, கமராவை நிமிர்த்திப் பிடித்தால், உட்கார்ந்த லாப்ரடோர் முழுதாக அடங்கும். எஃப் 2.8இல் தெளிவு ஏறத்தாழ 14 செ.மீ ஆழம்தான், கண்ணில் ஃபோகஸ் வைத்தால் மூக்கு கலங்கும். லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப் 4 வையுங்கள். நிறமுள்ள புதர் நாய்க்கு 5 மீற்றராவது பின்னால் இருக்கட்டும். மூச்சிரைக்கும் நாயின் தலை ஆடிக்கொண்டே இருக்கும், அதனால் உட்கார்ந்திருந்தாலும் ஷட்டர் 1/250க்குக் கீழே போகக்கூடாது. நடந்தால் 1/500. ஒளியுணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓ 3200 ஆனாலும் பயப்படாதீர்கள். லீஷை இடுப்பில் கட்டுங்கள், முக்காலியில் ஒருபோதும் வேண்டாம்.

பாதைப்_பாதுகாப்பு:
ஒரு முக்கியமான விஷயம். நஞ்சு ஐவியும் இதே வாரங்களில்தான் அருமையாகச் சிவக்கும், நாயை அதன் முன்னால் இருத்த ஆசை வரும். ஒரு காம்பில் மூன்று சிற்றிலை, நடு இலைக்கு நீண்ட காம்பு என்றால் விலகிப் போங்கள். வெர்ஜீனியா கொடிக்குப் பெரும்பாலும் ஐந்து. நஞ்சு ஐவி நாயை அவ்வளவாகப் பாதிக்காது, ஆனால் அதன் எண்ணெய் ரோமத்தில் ஒட்டி உங்கள் கைக்கு வந்து கொப்புளம் போடும். கறுங்கால் உண்ணியும் இலையுதிர்காலத்தில் சுறுசுறுப்பாக இருக்கும். லைம் நோயைப் பரப்புவது அதுதான். படத்துக்காக நாயை நீண்ட புல்லுக்குள் இறக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் காது மடல், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டிக்குக் கீழே எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள்.

லாப்_நடை:
நன்றி. போலரைசரை முழு நடைக்கும் போட்டே வைக்கலாமா?

கொப்பும்_இலையும்:
வேண்டாம், அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்ரொப் ஒளியைத் தின்னும். நாயை எடுக்கும்போது கழற்றுங்கள். இலைக்கு மட்டும் போடுங்கள், மழை விட்ட மப்பு நாளில் கட்டாயம். இலைமேல் படியும் வெள்ளைப் பளபளப்பு போய் உள்நிறம் தெரியும். மெதுவாகத் திருப்பிக்கொண்டே பார்த்து, பளபளப்பு மங்கும் இடத்தில் நிறுத்துங்கள். வெயிலுக்கு எதிராக நின்று, ஒளி இலையை ஊடுருவி வரும்படி எடுக்கும்போது அதனால் பெரிய பயன் இல்லை.