ஸ்ட்ரோக் எம்ஆர்ஐல, ஃப்ளேர் படத்துல வெள்ளையா தெரியுற ரத்தக்குழாய்: நல்லதா கெட்டதா?

வெள்ளைக்கோடு:
ஒரு கேஸ். அறுபது தாண்டுன ஆள், ராத்திரி நல்லா படுத்தவரு காலைல எந்திரிக்கறப்ப வலது கை கால் வரல, பேச்சும் குழறுது. டிஃப்யூஷன்ல (புதுசா அடிவாங்குன திசு வெள்ளையா தெரியற எம்ஆர்ஐ படம்) இன்சுலா (மூளையோட உள்பக்க மடிப்பு) பக்கம் மட்டும் சின்னதா ஒரு வெள்ளை. எம்ஆர்ஏல (ரத்தக்குழாய் படம்) இடது எம்1, அதாவது மூளையோட நடுத்தமனி எம்சிஏவோட மொதல் பகுதி, டக்குனு கட்டாகி நிக்குது. ஆனா ஃப்ளேர்ல (மூளையைச் சுத்தியிருக்கற தண்ணியைக் கறுப்பாக்கி எடுக்கற படம்) சில்வியன் பிளவுலேர்ந்து (மூளையோட பக்கவாட்டுப் பிளவு) மேல வரைக்கும் புழு நெளியுற மாதிரி வெள்ளை வெள்ளையா குழாய். கொலேட்டரல் (அடைப்பைச் சுத்தி ரத்தம் கொண்டுவர்ற மாற்றுவழிக் குழாய்) நல்லா வேலை செய்யுதுன்னு ரிப்போர்ட் போடலாம்ங்கறேன். யாராச்சும் மறுக்கிறீங்களா?

டிஃப்யூஷன்தாசன்:
நான் மறுக்கிறேன் சார். தமனில ரத்தம் வேகமா ஓடுனா சிக்னலே வராது, கறுப்பா இருக்கும், அது வெள்ளையா மாறுதுன்னா ரத்தம் தேங்கித் தேங்கி போகுதுன்னு அர்த்தம். எம்1 அடைச்சதும் ஏசிஏ, பிசிஏ (மூளையோட முன், பின் தமனி) பக்கத்துலேர்ந்து மூளை மேல்பரப்புல இருக்கற சின்னக் கிளைங்க வழியா சுத்தி பின்பக்கமா வருது. வருது சரி, போதுமான அளவு வருதா? நல்ல வேகத்துல வந்திருந்தா உங்களுக்கு வெள்ளையாவே தெரிஞ்சிருக்காதே.

வெள்ளைக்கோடு:
வராமலே இருந்தா எம்சிஏ ஏரியா மொத்தமும் டிஃப்யூஷன்ல வெளுத்திருக்கும்ல, வெளுக்கலயே! டிஃப்யூஷன் வெள்ளையைத் தாண்டி குழாய் வெள்ளை பரவியிருந்தா காப்பாத்த திசு மிச்சமிருக்குன்னுதான பெர்ஃப்யூஷன் (திசுவுக்கு ரத்தம் எப்படி போகுதுன்னு அளக்கற ஸ்கேன்) எடுக்க முடியாத எடத்துல எல்லாரும் படிக்கிறோம்.

டிஃப்யூஷன்தாசன்:
மிச்சமிருக்கு, ஆனா தொங்கல்ல இருக்கு. நீங்க 'நல்லா இருக்கு'ன்னு எழுதுனா நைட் டூட்டில இருக்கறவரு அப்ப அவசரமில்லன்னு நெனச்சுக்குவாரு. எஸ்டபிள்யூஐ (ஆக்ஸிஜன் கொறஞ்ச ரத்தம் கறுப்பா தெரியற எம்ஆர்ஐ படம்) பாத்தீங்களா? அந்தப் பக்கம் மட்டும் சிரைங்க தடிச்சு கறுப்பா நின்னா, கெடைக்கற கொஞ்ச ரத்தத்துலேர்ந்து திசு ஆக்ஸிஜனை முழுசா உறிஞ்சுதுன்னு அர்த்தம், அதுக்கு மேல எவ்ளோ நேரம் தாங்கும்?

காந்தரூம்:
நான் டெக்னீஷியன், குறுக்க வர்றேன் டாக்டர்களே. மிஷினும் சீக்வென்ஸும் மாறுனா இந்த வெள்ளையும் மாறும், டூடி ஃப்ளேர்ல பளிச்சுனு இருந்தது த்ரீடில மங்கிடலாம். டிஓஎஃப்லயும் (எம்ஆர்ஏ எடுக்கற முறை) மெதுவா ஓடற ரத்தம் சிக்னல் இழந்துடும், அதனால கட்டான மாதிரி காட்டற எடத்துக்கு அப்புறம் குழாய் காலியா இருக்குன்னு நம்பிடாதீங்க. மயக்கம் குடுத்து ஆக்ஸிஜன் நிறைய போற பேஷன்ட்டுக்கு சல்கஸெல்லாம் (மூளை மேல்பரப்புல இருக்கற பள்ளங்க) வெளுத்து வரும், அது குழாயே இல்ல.

வெள்ளைக்கோடு:
இவருக்கு மயக்கமும் குடுக்கல ஒண்ணும் குடுக்கல, வெள்ளை ஒரு பக்கம் மட்டும்தான்.

மூணாம்வார்டு:
நியூரோ டூட்டில இருக்கறவன் சொல்றேன், எனக்கு வேண்டியது வேற. எந்திரிக்கும்போதே ஸ்ட்ரோக்னா ஃப்ளேர்ல மூளைத்திசு வெளுத்திருக்கா இல்லையாங்கறதுதான் மொத கேள்வி, வெளுக்கலன்னா ஸ்ட்ரோக் வந்து ரொம்ப நேரம் ஆகலன்னு எடுத்துக்கலாம். 2018ல வந்த வேக்-அப் ட்ரையல்ல, டிஃப்யூஷன்ல தெரியுது ஃப்ளேர்ல திசு இன்னும் மாறலங்கற ஆளுங்களுக்கு ஆல்டிப்ளேஸ் (ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசி) குடுத்தாங்க, 90 நாள் கழிச்சு 53.3% பேர் நல்ல நெலமைல இருந்தாங்க, குடுக்காதவங்கள்ல 41.8%. இப்ப யாராச்சும் சல்கஸுக்குள்ள ஓடற இந்தக் குழாய் வெள்ளையை கார்டெக்ஸ்னு (மூளையோட மேல்திசு) படிச்சு 'ஃப்ளேர் பாசிட்டிவ்'னு எழுதிட்டா அந்த ஊசி போச்சு. பக்கத்து ஸ்லைஸ்ல அது தொடருதான்னு ஸ்க்ரோல் பண்ணி பாக்க ஒரு நிமிஷம் ஆகுமா? அதைக்கூட பண்ண மாட்டேங்கறாங்க.

டிஃப்யூஷன்தாசன்:
ஒத்துக்கறேன், ஆனா வேக்-அப்ல த்ராம்பெக்டமி (குழாய் விட்டு ரத்தக்கட்டியை வெளிய எடுக்கறது) ப்ளான் பண்ணவங்களை சேக்கவே இல்ல. எம்1 அடைப்புக்கு நேரம் கழிச்சு த்ராம்பெக்டமி பண்ணிப் பாத்த டான், டிஃப்யூஸ் 3 ட்ரையல்களைப் பேசுங்க. டான்ல கடைசியா நல்லா இருந்ததுலேர்ந்து 6 முதல் 24 மணி நேரம் வரைக்கும் எடுத்தாங்க, த்ராம்பெக்டமி பண்ணதுல தன் வேலையைத் தானே பாக்கற நெலமைக்கு வந்தவங்க 49%, மருந்து மட்டும்னா 13%. ரெண்டுலயும் ஆளை சேத்தது செத்த திசு எவ்ளோ, அதோட பேஷன்ட் நெலமையோ பெர்ஃப்யூஷனோ பொருந்துதான்னு பாத்துத்தான், குழாய் வெள்ளையைப் பாத்து இல்ல.

வெள்ளைக்கோடு:
பெர்ஃப்யூஷன் சாஃப்ட்வேரே இல்லாத ஊருக்கு என்ன பண்ணுவீங்க? அங்க இருக்கற ஒரே துப்பு இதுதான். 'டிஃப்யூஷனைத் தாண்டி மெதுவான ஓட்டம், கொலேட்டரல் உண்டு'ன்னுதான் எழுதுவேன், விட மாட்டேன்.

டிஃப்யூஷன்தாசன்:
அப்படி எழுதுனா எனக்கு சண்டை இல்ல. 'நல்லா'வை மட்டும் தூக்கிடுங்க.

மூணாம்வார்டு:
ரெண்டு பேரும் எதையாச்சும் எழுதுங்க, மொதல்ல கேத்லேபுக்கு (த்ராம்பெக்டமி பண்ற எடம்) போன் போடுங்க. அது சரி, 'ராத்திரி'ன்னா எத்தனை மணி? கடைசியா நல்லா இருந்ததைப் பாத்தது யாரு, எப்போ? ராத்திரி பாத்ரூம் போக எந்திரிச்சாரா? அதைப் போஸ்ட்லயே காணோமே.